சிகரத்தில் தங்கிவிட்ட வடக்கத்திப் பூ

இமயமலையின் செம்பூ நீலகிரி உச்சிக்கு வந்தது எப்படி? அதற்கான தடயம் பனியுகத்தில் இருக்கிறது. அது இனி எங்கே போகும் என்பதுதான் இன்றைய கவலை.

தொட்டபெட்டா சிகரத்துக்கு வருகிறவர்கள் தேடுவது மூன்று விஷயங்களை: டெலஸ்கோப் கூடம், சுடச்சுட மிளகாய் பஜ்ஜி, பின்னால் மேகம் தெரிகிற மாதிரி நின்று போட்டோ எடுக்க ஓர் இடம். ஆண்டின் முதல் மாதங்களில் அந்தப் போட்டோக்களில் நான்காவதாக ஒன்றும் தற்செயலாக வந்து விழும். காற்றில் முறுக்கிக்கொண்டு, உடம்பெல்லாம் பாசி படர்ந்து, புதரா மரமா என்று சொல்ல முடியாத உயரத்தில் ஒரு செடி. கரும்பச்சை இலைகளின் நுனியில் கைப்பிடி அளவுக்கு ரத்தச் சிவப்பில் பூங்கொத்துகள். அது என்ன பூ என்று அநேகமாக யாரும் கேட்பதில்லை. ஊட்டியில் எந்தப் பூவைப் பார்த்தாலும் வெள்ளைக்காரன் கொண்டுவந்து வைத்தது என்று நினைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

கூட்டத்தில் டெல்லியிலிருந்தோ டேராடூனிலிருந்தோ வந்த தமிழ்க் குடும்பம் இருந்தால் கதை வேறு. மலைச் சாலையோரக் கடைகளில் பாட்டில் பாட்டிலாக அடுக்கியிருக்கும் சிவப்பு சர்பத்தை அவர்கள் குடித்திருப்பார்கள். அந்தச் சர்பத் பிழியப்படுவது இந்தப் பூவிலிருந்துதான். அங்கே அதன் பெயர் புராஞ்ஷ். உத்தராகண்டின் மாநில மரம் அது. நாகாலாந்தின் மாநிலப் பூவும், நேபாளத்தின் தேசியப் பூவும் அதுவே. நேபாளிகள் லாலி குராஸ் என்கிறார்கள். தாவரவியல் நிபுணர்கள் வைத்த பெயர் ரோடோடெண்ட்ரான் ஆர்போரியம். முதல் சொல்லுக்குக் கிரேக்க மொழியில் ரோஜா மரம் என்று பொருள்.

தமிழில் காட்டுப் பூவரசு. கிராமத்துக் குளக்கரையில் மஞ்சளாகப் பூக்கும் பூவரசுக்கும் இதற்கும் உறவு ஏதுமில்லை. மலையில் இந்தப் பூவைப் பார்த்த யாரோ, பூக்களுக்கு அரசு என்று நினைத்து வைத்த பெயராக இருக்கலாம். ஒரு முறை பார்த்தவர்கள் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

நடுவில் 2,000 கி.மீ.

வியப்பு பூவின் அழகில் இல்லை, அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. நீலகிரி, ஆனைமலை, பழனி மலை ஆகியவற்றின் உயர்ந்த பகுதிகளில் இது வளர்கிறது. தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடியை (2,695 மீட்டர்) உள்ளடக்கிய இரவிகுளம் தேசியப் பூங்காவிலும், மீசைப்புலி மலையின் சரிவுகளிலும், நீலகிரியின் முக்கூர்த்தியிலும் பார்க்கலாம். பெரும்பாலும் 1,500 மீட்டருக்கு மேல்தான். அங்கிருந்து வடக்கே கிளம்பினால் கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம் என்று எத்தனையோ மலைகளையும் சமவெளிகளையும் தாண்ட வேண்டும். எதிலும் இந்தச் செடி கிடையாது. சுமார் 2,000 கி.மீ. கடந்து இமயமலை அடிவாரம் ஏறிய பிறகு மறுபடி அதே சிவப்பு கண்ணில் படும். ஒரு குடும்பத்தின் ஒரு கிளை மட்டும் தெற்கே வந்து தங்கிவிட்டது, நடுவழியில் ஒருவர்கூட இல்லை என்பது போல.

ஐரோப்பிய விஞ்ஞானம் இந்தச் செடியை முதலில் சந்தித்தது வடக்கில். 1796-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ அதிகாரி தாமஸ் ஹார்ட்விக் கார்வால் பகுதியின் ஸ்ரீநகருக்குப் பயணம் போனபோது வழியில் இதைக் கண்டார். 1805-ல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் அதற்கு முறைப்படி பெயர் சூட்டினார். நீலகிரிச் செடி விஞ்ஞானிகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தது ஒரு பாதிரியார் மூலம். நீலகிரியில் செடிகளைச் சேகரித்த பெர்னார்ட் ஷ்மிட் அனுப்பிய மாதிரிகளை வைத்து, ஜெர்மனியின் யேனா நகரில் இருந்த சென்கர் 1830-களில் ஒரு நூலை வெளியிட்டார். அதில் இந்தச் செடிக்கு அவர் இட்ட பெயர் நீலகிரிகம். இன்று பல நிபுணர்கள் இதை இமயமலைச் செடியின் துணை இனமாக வைத்திருக்கிறார்கள். தனி இனம் என்பவர்களும் உண்டு. வித்தியாசம் இலையில் தெரியும். மேற்கு இமயமலைச் செடியின் இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் பெரும்பாலும் வெள்ளிபோல் மின்னும். நீலகிரி இலையின் அடியில் பழுப்பு நிறத்தில் கம்பளி போர்த்தியது போன்ற மெல்லிய ரோமம்.

குளிர் நடந்து வந்த பாதை

எப்படி வந்தது? இதற்கான விளக்கம் நூறாண்டுக்கும் மேல் பழையது. இந்தியப் புவியியல் பற்றி மெட்லிகாட்டும் பிளான்ஃபோர்டும் 1879-ல் எழுதிய நூலிலேயே, தென்னிந்திய மலை உச்சிகளில் இமயமலை உயிரினங்கள் இருப்பதற்குப் பனியுகத்தின் குளிர் காரணமாகலாம் என்ற கருத்து பேசப்பட்டது. 1940-களில், விலங்கியல் நிபுணர் சுந்தர் லால் ஹோரா மலை ஓடைகளில் வாழும் மீன்களை ஆராய்ந்துவிட்டு ஒரு பாதையையே வரைந்து காட்டினார். வடகிழக்கு மலைகளிலிருந்து விந்திய, சாத்பூரா மலைத்தொடர் வழியாக மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உயிரினங்கள் வந்தன என்றார் அவர். சாத்பூரா கோட்பாடு என்ற பெயரில் அது இன்றும் விவாதிக்கப்படுகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மலையில் 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும். கடைசிப் பனியுகத்தின் உச்சம் ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பு. அப்போது வெப்பமண்டல நிலப்பகுதிகள் இப்போதைவிடச் சுமார் 5 டிகிரி குளிர்ந்திருந்தன என்று வைத்துக்கொண்டால், குளிர்மலைச் செடிகள் 800 மீட்டர் கீழே இறங்கி வாழ முடிந்திருக்கும். சாத்பூராவின் மிக உயர்ந்த சிகரமான தூப்கர், மத்தியப் பிரதேசத்தில் பச்மடி அருகே இருக்கிறது. அதன் உயரம் 1,350 மீட்டர்தான். இன்றைய வெயிலில் ரோடோடெண்ட்ரானுக்கு அது போதாது. ஆனால் அன்றைய குளிரில் அது 2,150 மீட்டர் உயர மலைக்குச் சமம். கிட்டத்தட்ட இன்றைய ஊட்டி. இப்படி ஒவ்வொரு மலையாக, தலைமுறை தலைமுறையாக, தூசு போன்ற விதைகளைக் காற்றில் விட்டுக்கொண்டே செடி தெற்கே நகர்ந்திருக்கலாம். பனியுகம் ஒன்றல்ல, பல. வாய்ப்பும் பல முறை வந்து போயிருக்கும்.

பிறகு பூமி சூடேறியது. சமவெளியிலும் சிறு குன்றுகளிலும் இருந்த செடிகள் மடிந்தன. உயரமான மலைகளில் இருந்தவை மட்டும் குளிரைத் துரத்திக்கொண்டு மேலே ஏறித் தப்பின. வடக்கே இமயமலை. தெற்கே நீலகிரியும் ஆனைமலையும்.

பயணம் அங்கேயும் நிற்கவில்லை. இலங்கையின் மத்திய மலைநாட்டில், ஹார்ட்டன் சமவெளியில் இதே செடியின் இன்னொரு துணை இனம் நிற்கிறது. சிங்களத்தில் மகா ரத்மல், அதாவது பெரிய செம்பூ. பனியுக உச்சத்தில் கடல் மட்டம் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை அப்போது கடலாக இல்லை, தரை. செடிக்குத் தோணி தேவைப்படவில்லை.

இந்த விளக்கத்திலும் இடறல்கள் உண்டு. நீலகிரியின் சோலைக்காடுகளுக்கு நடுவே உள்ள சதுப்புகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செத்த புல் மக்காமல் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. அந்தக் கரியைச் சோதித்தால் எந்தக் காலத்தில் எந்த வகைச் செடி அதிகம் இருந்தது, மழை எப்படி இருந்தது என்று ஊகிக்கலாம். சுகுமார், ரமேஷ் உள்ளிட்ட இந்திய விஞ்ஞானிகள் இந்த வேலையைச் செய்து 1993-ல் 'நேச்சர்' இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். பனியுக உச்சத்தில் இங்கே குளிர் மட்டுமல்ல, கடும் வறட்சியும் இருந்தது என்றும், சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பு பருவமழை வலுத்தது என்றும் சதுப்பு சொன்னது. வறண்ட மத்திய இந்தியக் குன்றுகள் ஈரம் விரும்பும் செடிக்கு எந்த அளவுக்கு இடம் கொடுத்திருக்கும் என்பது நியாயமான சந்தேகம். குன்று குன்றாக வராமல், காற்றோடு ஒரே தாவலாக விதை வந்திருக்கலாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள்.

தோற்றத்தை வைத்து உறவு சொல்வதிலும் ஆபத்து உண்டு. இதே மலைகளில் வாழும் வரையாட்டை, இமயமலையின் தார் ஆட்டுக்கு நெருங்கிய உறவு என்றே நீண்ட காலம் நம்பினார்கள். 2005-ல் வெளிவந்த மரபணு ஆய்வு அதை மறுத்தது. வரையாட்டுக்கு நெருக்கம் செம்மறி இனத்தோடுதான் என்று தெரிந்து, அதற்குத் தனிப் பேரினமே வகுக்கப்பட்டது. ஆனால் காட்டுப் பூவரசின் விஷயத்தில் பெரிய சர்ச்சை இல்லை. துணை இனமா தனி இனமா என்று வாதாடுகிறவர்கள்கூட, வடக்கும் தெற்கும் ஒரே குடும்பம் என்பதை ஒப்புக்கொள்கிறார்கள்.

காற்றுக்கும் தீக்கும் தாங்கும்

நாகாலாந்தின் ஜப்ஃபூ மலையில் இதே இனத்தைச் சேர்ந்த மரம் ஒன்று 100 அடிக்கு மேல் வளர்ந்து, 1993-ல் கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்தது. நீலகிரி உச்சியில் அதன் உறவினர் பல இடங்களில் ஆள் உயரத்தைத் தாண்டவே சிரமப்படுகிறார். காரணம் இடம். தென்மேற்குப் பருவக்காற்று ஜூனில் தொடங்கி மாதக்கணக்கில் அறையும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல்வெளியில் உறைபனி வெள்ளை விரிக்கும். கோடையில் காய்ந்த புல்லில் தீ ஓடும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகள் இயற்கையாகவே இரண்டு பகுதிகளாகப் பிரிந்தவை. மடிப்புகளில், ஈரம் தேங்கும் இடங்களில் அடர்ந்த சோலைக்காடு. மற்ற இடமெல்லாம் புல்வெளி. சோலை மரங்களின் நாற்றுகளைப் பெரும்பாலும் உறைபனியும் தீயும் புல்வெளிக்குள் நுழையவிடாது. விதிவிலக்குகளில் முக்கியமானது காட்டுப் பூவரசு. தடித்த பட்டை தீயைத் தாங்கும். எரிந்தாலும் அடியிலிருந்து துளிர்க்கும். தோல்போன்ற இலை பனிக்குக் கருகாது. அதனால்தான் சோலையின் ஓரத்திலும், புல்வெளி நடுவே ஒற்றையாகவும் இது நிற்கிறது. பூக்கும் பருவத்தில் தேன்சிட்டுகளும் தேனீக்களும் இதைத் தேடி வருகின்றன.

இத்தனையையும் தாங்கிய செடிக்கு இப்போது என்ன வந்தது?

கப்பலில் வந்த வடக்கத்தியர்

முதல் ஆபத்து, பின்னால் வந்த வடக்கத்திப் புதர்களும் தெற்கத்தி மரங்களும். ஊட்டியில் குடியேறிய ஆங்கிலேயர்கள் ஊர் நினைவுக்காகக் கொண்டுவந்த கார்ஸ், ஸ்காட்ச் புரூம் ஆகிய புதர்கள் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து, மேல் நீலகிரியின் புல்வெளிகளில் பரவிவிட்டன. அவையும் குளிர்நாட்டுச் செடிகள்தான். ஆனால் காட்டுப் பூவரசு வந்து சேர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆயின. வழியெல்லாம் மற்ற செடிகளோடும் பூச்சிகளோடும் பழகிக்கொண்டு வந்தது. கார்ஸ் கப்பலில் சில மாதங்களில் வந்து இறங்கியது.

அதைவிடப் பெரிய ஆக்கிரமிப்பு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. நீலகிரிக்காரர்கள் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸ், சீகை என்று சொல்லும் வாட்டில். விறகுக்காகவும், தோல் பதனிடும் பட்டைக்காகவும், ஆலைகளின் மரக்கூழுக்காகவும் வெள்ளையர் ஆட்சியில் தொடங்கிச் சுதந்திர இந்தியாவிலும் இவை பரப்பு பரப்பாக நடப்பட்டன. புல்வெளி என்றால் வெறும் தரிசு என்று அதிகாரிகள் நினைத்த காலம். தோடர்களின் எருமைகள் மேய்ந்த நிலம், ஓடைகளுக்கு ஆண்டு முழுவதும் தண்ணீரைக் கசியவிட்ட நிலம் தோட்டமானது. வாட்டில் நட்ட இடத்தோடு நிற்கவில்லை. விதை மண்ணில் பல ஆண்டுகள் காத்திருந்து, தீ பட்டதும் கூட்டமாக முளைத்தது.

பழனி மலையைப் பற்றி 2018-ல் வெளிவந்த ஆய்வு, செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தது. நாற்பது ஆண்டுகளில் அங்கே உயர்மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிருந்தது. கணிசமான இடத்தைப் பிடித்திருந்தவை அந்நிய மரத் தோட்டங்களும் விவசாயமும். காட்டுப் பூவரசுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். வாட்டில் நிழலில் அதன் நாற்று தலையெடுப்பது கடினம்.

ஏற இன்னும் படியில்லை

இரண்டாவது ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. பூமி மறுபடி சூடேறுகிறது, இந்த முறை மனிதன் கைங்கரியத்தால். வடக்கே இதன் அடையாளங்கள் பூவிலேயே தெரிகின்றன. மத்திய இமயமலையில் பழைய உலர்தாவரத் தொகுப்புகளின் தேதிகளை இன்றைய பூக்கும் காலத்தோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2014-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வந்தது. நூறாண்டுக் காலத்தில் புராஞ்ஷ் பூக்கும் பருவம் ஏறக்குறைய மூன்று மாதம் முன்னால் நகர்ந்திருப்பதாக அது கணக்கிட்டது. பூ முந்திக்கொண்டால், அதை நம்பியிருக்கும் பறவைக்கும் பூச்சிக்கும் அது கைக்கெட்டாமல் போகலாம்.

இருந்தாலும் இமயமலைச் செடிக்கு ஒரு வசதி இருக்கிறது. வெப்பம் கூடினால் மேலே ஏறலாம். தலைக்கு மேல் இன்னும் ஆயிரக்கணக்கான மீட்டர் மலை இருக்கிறது. தெற்கே அந்தக் கணக்கைப் போட்டால் பகீரென்கிறது. 2 டிகிரி கூடினால் செடி 300 மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். அதற்கு மேலே மேகம்தான். கீழே 1,800 மீட்டரில் நிற்கும் செடிக்கு 2,100 மீட்டரில் இடம் இருக்கலாம், அங்கே தேயிலைத் தோட்டமோ ஊரோ சீகைக் காடோ இல்லாமல் இருந்தால். மலை மேலே போகப் போகக் குறுகும் என்பதையும் மறக்கக் கூடாது. கடைசிப் படியில் எல்லோருக்கும் இடம் இல்லை. பனியுகம் முடிந்தபோது செடியைக் காப்பாற்றிய அதே சிகரம், அடுத்த சூட்டில் அதற்குப் பொறியாகிவிடக்கூடும்.

செய்யக்கூடியது என்ன?

உலக வெப்பத்தை ஊட்டியில் உட்கார்ந்து குறைக்க முடியாது. ஆனால் செடிக்கு மூச்சுவிட இடம் கொடுக்கலாம். சட்டரீதியான பாதுகாப்பில் பெரிய குறை இல்லை. இரவிகுளம் 1978-ல் தேசியப் பூங்காவானது, முக்கூர்த்தி 1990-ல். நாட்டின் முதல் உயிர்க்கோளக் காப்பகம் என்ற பெயர் நீலகிரிக்கு 1986-லேயே கிடைத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பல பகுதிகளை யுனெஸ்கோ 2012-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்நியச் செடிகளை அகற்றி இயற்கையான வாழிடங்களை மீட்பதற்கென்றே தமிழக அரசு 2022-ல் ஒரு கொள்கையை வெளியிட்டது.

கஷ்டம் நடைமுறையில்தான். வாட்டிலை வெட்டினால் மட்டும் போதாது. வெட்டிய இடத்தில் விதை மறுபடி முளைக்கும், ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் பிடுங்க வேண்டும். அந்த இடத்தில் சொந்தப் புல்லை வளர்க்க வேண்டும். திறப்பு விழா நடத்த முடியாத வேலை இது, பத்திரிகையில் படமும் வராது. அதற்கு மாறாக மரம் நடும் விழாவுக்கு எப்போதும் ஆள் சேரும். நல்லெண்ணத்தோடு பள்ளிப் பிள்ளைகளும் அமைப்புகளும் உச்சிப் புல்வெளியில் மரக்கன்று நட வருவது இந்த மலைகளுக்கு உதவாது. சமவெளியில் புண்ணியம் சேர்க்கும் காரியம் இங்கே கேடாக முடியும். இங்கே காக்க வேண்டியது வெட்டவெளியை.

பார்க்கப் போகிறவர்களுக்கும் பங்கு உண்டு. சர்பத் நினைவில் பூவைப் பறித்துச் சுவைக்க வேண்டாம். ரோடோடெண்ட்ரான் குடும்பத்தில் நஞ்சுள்ளவை பல, இதன் இலையும் ஆடுமாடுகளுக்கு ஆகாது. கொத்தை ஒடித்து வீட்டுக்குக் கொண்டுபோனால் காட் ரோடு இறங்கும் முன் வாடிவிடும். கோடையில் காய்ந்த புல்லில் ஒரு பீடித்துண்டு போதும், சரிவு முழுக்கச் சாம்பலாகும். பூவரசு ஒரு தீயைத் தாங்கும், ஆண்டுதோறும் வரும் தீயைத் தாங்காது.

அடுத்த முறை தொட்டபெட்டா ஏறினால், பஜ்ஜிக்கு முன்பு ஐந்து நிமிடம் சாலையோரம் நில்லுங்கள். தரையில் உதிர்ந்து கிடக்கும் இலை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். பழுப்பு ரோமம் தெரிந்தால் அது காட்டுப் பூவரசு. மனிதன் விவசாயம் கற்பதற்கு முன்பே வடக்கிலிருந்து புறப்பட்டு, நாம் ஊர் என்று எதையும் கட்டுவதற்கு முன்பே இங்கே வந்து சேர்ந்த குடும்பம் அது. நமக்கு முந்திய குடியானவர். மேலே போக இடமில்லாத நிலையில், கீழே அதற்குக் கொஞ்சம் இடம் விட வேண்டியது நாம்தான்.